எங்கே என்று எழுதாத பக்கம்

அன்றைக்கு அந்த ஹட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நீ. உன் மனுசி தேவகி. என் மகள் சுகந்தி. அவள் புருசன் ரமணன். அவர்களின் மகள் மது, அப்போது பதினொரு வயது. நான், உன் அக்கா பரமேசு. வேறு ஒருவரும் இல்லை. மலைக்காட்டுக்குள்ளே, நடந்து மட்டும் போய்ச் சேரக்கூடிய ஒரு மரவீடு, அதற்குள் ஆறு பேர். இதை முதலில் எழுதிவைக்கிறேன். ஏனென்றால் இந்த எட்டு வருடத்தில் கதை பல வாய் சுற்றி வந்து, அங்கே இல்லாதவர்கள் எல்லாம் இருந்தவர்களாகிவிட்டார்கள். போன கிழமை ஒரு சாமத்தியச் சடங்கில் ஒரு மனுசி எனக்கே வந்து சொல்கிறாள், அன்றைக்கு அங்கே நல்ல வெயிலாம். வெயில் மலையின் எந்தப் பக்கம் பட்டது என்று கேட்டேன். எழும்பிப் போய்விட்டாள்.

தம்பி, இன்று காலை மது ஓக்லண்டில் ஏவன்டேலுக்கு, என் வீட்டுக்கு வந்தாள். இப்போது பத்தொன்பது. உன் உயரம் வந்துவிட்டது, உன் மலை விசரும் வந்துவிட்டது. சிநேகிதப் பிள்ளைகளோடு மலைக்குப் போகிறாளாம். ஜூன் மாதம் தொடங்க வருகிற அதே நீண்ட லீவு. உன் காலத்தில் அரசியின் பிறந்தநாள் என்றார்கள், இப்போது அரசரின் பிறந்தநாள் என்கிறார்கள். குளிர் அதே குளிர்தான்.

"அம்மம்மா, டைட்டா மூடுற பெட்டி இருக்கா? பருப்பு லீக் ஆகக் கூடாது."

"அலுமாரிக்குள்ளை பார்."

குனிந்து ஒவ்வொன்றாக இழுத்தாள். அடியில் கிடந்த இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டி கையில் வந்தது. மூடியில் ஒட்டுநாடா, அதன் மேல் நீலப் பேனையால் ஆங்கிலத்தில் என் பேர். மண்டபத்துச் சாப்பாட்டுக்குக் கறி கொண்டுபோனால் பெட்டி திரும்பி வரவேண்டும் என்று சுகந்தி எழுதி ஒட்டியது. மது அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"வேறை எடு," என்றேன்.

"ஓம் அம்மம்மா."

பருப்பை வேறொரு பெட்டிக்குள் ஊற்றினாள்.  அதுதான் இந்த மேசையில் இருந்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் எழுத்து. நீ சிரிக்க மாட்டாய்.

நீ மலைக்காரன் ஆனது எனக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒருவன் ஒரு சனிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போனான். ஐம்பத்திரண்டு வயதில். வரப்பைத் தவிர ஒரு மேடு காணாத இடத்தில் பிறந்த உனக்கு மலை என்ன மலை? "ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்தவன், இப்ப தானே போய்க் குளிருக்குள்ளை கிடக்கிறான்," என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். நீ கோபப்படவில்லை. "அங்கை ராணுவம் வந்து கதவு தட்டாது அக்கா. வாறவன் குளிரிலை வாறவன். உள்ளுக்கு விட்டால் சரி," என்றாய்.  அதற்கும் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

பிறகு எங்களையும் இழுத்துக்கொண்டு போனாய். இங்கிருந்து காரில் நாலு மணித்தியாலம். அங்கிருந்து மற்றவர்களுக்கு இரண்டு மணித்தியால நடை, என் முழங்காலுக்கு நாலு. பாதையில் போட்டிருந்த பலகைகளின் மேல் ஐஸ் படிந்திருந்தது. நீ முன்னுக்குப் போய்த் தடியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டினாய். சப்பாத்துக்கு மேலே மாட்டுகிற முள்ளுச் சங்கிலி உன்னிடம் இரண்டு சோடிதான். ஒன்றைத் தேவகிக்கு மாட்டினாய். மற்றதை, முழங்காலில் இருந்து, எனக்கு மாட்டினாய். உன் தலையில் நரை விழுந்திருந்ததை அப்போதுதான் மேலே இருந்து பார்த்தேன்.

"ஜூன் பனி பொய்ப்பனி அக்கா," என்றாய். "மேலை வெள்ளை, கீழை கண்ணாடி. ஓகஸ்டிலை எண்டால் நிரம்பிக் கிடக்கும், மிதிச்சால் காலைப் பிடிக்கும். இது பிடிக்காது."

இன்னொன்றும் சொன்னாய். இந்த நாட்டில் வெயில் வடக்கே நிற்குமாம். மலையின் தெற்குப் பக்கம் குளிர்காலம் முழுக்க வெயிலைக் காணாது, விழுந்த பனி உருகாமல் கல்லாகிவிடும், நாங்கள் பிறந்த பக்கத்துக்கு எல்லாம் தலைகீழ். இவ்வளவும் தெரிந்தவன் நீ. தெரியாதவன் செத்திருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது.

ஹட்டுக்கு வந்ததும் நீ முதலில் அடுப்பை மூட்டவில்லை. கதவுக்குப் பக்கத்தில், பலகைத் தட்டில் கிடந்த கொப்பியைத்தான் எடுத்தாய். யார் வந்தார்கள், எங்கிருந்து, அடுத்து எங்கே போகிறார்கள் என்று வருகிற எல்லோரும் எழுத வேண்டிய புத்தகம். "ஆள் வரேல்லை எண்டால் தேடி வாறவைக்கு இதுதான் கண்," என்றாய். ஆறு பேரும் தங்கள் பேரைத் தாங்களே எழுதவேண்டும் என்று நின்றாய். எனக்கு ஆங்கிலம் வராது என்றேன். "தமிழிலை எழுதக்கா. எத்தினை பேர் எண்டு எண்ணினால் போதும் அவைக்கு." எழுதினேன். எங்கேயோ ஒரு காட்டுக்குள் என் பேர் தமிழில் கிடக்கிறது.

குளிர்காலத்துக்கு அங்கிருந்த காஸ் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் உறைந்து கிடந்தது. நீ கொண்டுவந்த சின்ன அடுப்பில் தேத்தண்ணி வைத்தோம். ஐஸ்கிரீம் பெட்டிக்குள் நான் கொண்டுவந்த மீன்பொரியலையும் புட்டையும் எல்லோரும் சாப்பிட்டோம். நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன். சேறு. சேற்றின் மேலே அங்கங்கே வெள்ளை.

"உதுக்கோ என்னை நாலு மணித்தியாலம் நடத்திக்கொண்டு வந்தனீ? புட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவின மாதிரிக் கிடக்கு. கலண்டரிலை இருக்கிற பனி எங்கையடா?"

சுகந்தி சிரித்தாள். ரமணன், "மாமிக்குக் காசு திருப்பிக் குடுக்க வேணும்," என்றான். நீயும் சிரித்தாய். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மிச்சச் சுடுதண்ணீரால் கழுவினாய். ஏன் நீ கழுவுகிறாய், பொம்பிளைகள் மூன்று பேர் இருக்கிறோம் என்று நான் கேட்டேன். "சும்மா இரக்கா," என்றாய்.

காலை ஏழு மணி கழிந்து வெளிச்சம் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். நீ உடுத்திவிட்டாய், சின்னப் பையை முதுகில் மாட்டிவிட்டாய். கதவடியில் நின்று அந்தக் கொப்பியைத் திறந்து, பேனையின் மூடியை வாயால் கழற்றினாய். மது மேல் படுக்கையில் இருந்து தலையை நீட்டினாள்.

"தாத்தா, வேர் ஆர் யூ கோயிங்?"

நான் திரும்பி ஒரு அதட்டு அதட்டினேன். "ஏய்! வெளிக்கிடுற ஆளை எங்கை எண்டு கேக்கப்படாது எண்டு எத்தினை தரம் சொன்னனான் உனக்கு? நல்ல காரியமாப் போறவனுக்குத் தடங்கல்." அதோடு விட்டேனா? உன் பக்கமும் திரும்பினேன். "நீயும் உதை மூடு. வாசல்லை நிண்டுகொண்டு எங்கை போறன் எண்டு எழுதிறதும் அதுதான். வந்து எழுது."

"உன்ரை சட்டம் இந்த மலைக்குமோ அக்கா?" என்றாய்.

"எல்லா இடத்துக்கும்தான். இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

நீ கொப்பியை மூடினாய். மர வாங்கில் இருந்தாய். தகரக் கோப்பையில் நான் தந்த தண்ணீரை இரண்டு மிடறு குடித்தாய். மதுவைப் பார்த்துக் கண்ணடித்தாய். "தேத்தண்ணிக்கு வந்திடுவன். போட்டு வாறன்." கதவைத் திறந்து போனாய். குளிர் உள்ளே வந்தது, நான் எழும்பிக் கதவைச் சாத்தினேன். எந்தப் பக்கம் திரும்பினாய் என்று பார்க்கவில்லை.

வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றையும் கேட்காதவன் நீ. கலியாணம் செய்யாதே என்ற இடத்தில் செய்தாய், வாங்காதே என்ற வீட்டை வாங்கினாய், போகாதே என்ற மலைக்குப் போனாய். அதை மட்டும் ஏனடா கேட்டாய்?

பத்து மணிக்கு ரமணன் வெளியே போய்ப் பார்த்தான். தரை இறுகி உறைந்து கிடந்ததால் காலடி ஒன்றும் பதிந்திருக்கவில்லை. ஹட்டில் இருந்து இரண்டு பாதை. ஒன்று கீழே நாங்கள் வந்த வழி, ஆற்றுப் பாலத்துக்கு. மற்றது மேலே, மலையின் தெற்குப் பக்கத்தைச் சுற்றி. முதல்நாள் பாலத்துப் பலகைகள் சரியில்லை, நாங்கள் திரும்பும் முன் ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று நீ சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ரமணன் பாலம் வரைக்கும் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தான். அதற்குள் முகில் இறங்கி, பனியும் மழையும் கலந்து கொட்டத் தொடங்கிவிட்டது. கதவுக்குப் பின்னால் ஆணியில் நீ எப்போதும் கொண்டுபோகிற மஞ்சள் கருவி தொங்கியது, அமத்தினால் உதவி வரும் கருவி. பொம்பிளைகளும் பிள்ளையும் இருக்கிற இடம் என்று எங்களுக்கு விட்டுவிட்டுப் போயிருந்தாய். அதற்குப் பக்கத்து ஆணியில் முள்ளுச் சங்கிலி, இரண்டு சோடியும். வெளியே இருக்கிற கக்கூசுக்கு நாங்கள் வழுக்காமல் போகவேண்டும் அல்லவா.

ரமணன் அமத்தினான். ஹெலிகொப்டர் வந்தது, முகிலுக்குள்ளே இறங்க முடியவில்லை. தேடுகிற ஆட்கள் மூன்று பேர் கீழே இருந்து நடந்து வந்து சேர்ந்தபோது மூன்றரை மணி. முன்னுக்கு வந்தவள் வெள்ளைப் பின்னல் போட்ட உயரமான ஒரு மனுசி. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நேரே அந்தக் கொப்பிக்குத்தான் போனாள். பக்கத்தைத் திருப்பினாள். எங்கள் ஆறு பேரின் பேருக்குக் கீழே வெறும் நிரை. அந்த வெறும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கேட்டாள். ஆங்கிலம்தான். எனக்கும் விளங்கியது. எந்தப் பக்கம் போனார்?

ரமணன் கீழே கை காட்டினான். சுகந்தி ஓம் என்றாள். தேவகி அழுதுகொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. இருட்டிக் கண் தெரியாமல் போகும் வரைக்கும் அவர்கள் ஆற்றங்கரையில் தேடினார்கள்.

மறுநாள் காலை முகில் விலகியது. உன் சிவப்பு ஜக்கெற்றை ஹெலிகொப்டரில் மேலே இருந்தே கண்டார்கள். ஹட்டில் இருந்து நாற்பது நிமிச நடை, மேல் பாதையில், வெயில் காணாத பக்கம். கால்தான் முறிந்திருந்தது. கால் முறிந்து ஒருவரும் சாவதில்லை. குளிர். முதல்நாள் பொழுதுபடும் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னதை ரமணன் எனக்கு மறைத்தான். சுகந்தி போனில் கதைத்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டேன். அவர்கள் ஆற்றங்கரையில் உன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் நீ மேலே உயிரோடு கிடந்தாய்.

அந்தப் பின்னல்காரி உன் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே இருந்து பெட்டியை எடுத்தாள். மூடியில் இருந்த பேரை வாசித்துவிட்டு, "பரமேஸ் யார்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பேர் இடாப்புக் கூப்பிட்டபோது கை தூக்கினதற்குப் பிறகு அன்றைக்குத்தான் தூக்கினேன். என் மடியில் வைத்தாள். திறந்தேன். ஒரு தூசு இல்லாத பனி, விளிம்பு வரைக்கும், அமத்தி அமத்தி நிரப்பியிருந்தாய். கலண்டரில் இருக்கிற பனி.

எல்லோரும் பார்த்தார்கள். 

காரில் அது என் மடியில் இருந்தது. ரமணன் ஹீற்றர் போட்டிருந்தான், நிப்பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நகரத்துக்கு முன்னால் வருகிற பொம்பே மேடு தாண்டி ஓக்லண்ட் வெளிச்சம் தெரிந்தபோது முழுக்கத் தண்ணீர். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அதைக் குடித்தேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதல் சொல்கிறேன். மீன் மணத்தது.

இனி என் கோபங்களைச் சொல்கிறேன். நான் கோபக்காரி, மறதி இல்லாதவள், இரண்டும் உனக்குத் தெரியும். ரமணன் கீழே கை காட்டினான். மூன்று வருடம் அவனோடு நேரே கதைக்கவில்லை, மகளை இடையில் வைத்துத்தான் கதைத்தேன். பிறகு ஒருநாள் அவன் என் மருந்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமி, அண்டைக்கு நான் மேலை எண்டு சொல்லியிருக்க வேணும்," என்றான். சொன்னான் அல்லவா. அதோடு விட்டுவிட்டேன். சுகந்தி என்னை அந்தப் பேச்சே எடுக்க விடவில்லை. அவள் என் பிள்ளை, அவளோடு கோபித்துக்கொண்டு எங்கே போவது? மது ஒரு வருடம் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கூடக் கை தூக்குவதில்லை என்று ரீச்சர் கூப்பிட்டுச் சொன்னாள். ஆறு பேரில் கேட்க வேண்டியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான், அவளுடைய வாயைத்தான் நான் அடைத்தேன். என்னை மன்னிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

கேட்காமலே ஒருத்தி தந்தாள்.

உன் முப்பத்தோராம் நாள் காரியம். மங்கரே வீடு நிரம்பச் சனம். பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் வாளியோடு சாம்பார் பரிமாறிக்கொண்டு போனேன். தேவகி எழும்பி வந்து, அத்தனை பேருக்கும் நடுவில் என் கையைப் பிடித்தாள். "மச்சாள், நான் உங்களை மன்னிச்சிட்டன். நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ. நான் மனசிலை ஒண்டும் வைக்கேல்லை." சாப்பிட்ட கைகள் எல்லாம் அப்படியே நின்றன. அதுவரைக்கும் ஹட்டில் நடந்தது எங்கள் ஐந்து பேருக்குள்ளே இருந்தது. அந்த நிமிசத்தில் இருந்து ஊருக்கே தெரிந்தது, பரமேசு ஏதோ செய்திருக்கிறாள், தம்பி பெண்சாதி பெருமனசு பண்ணி மன்னித்துவிட்டாள் என்று. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். எவ்வளவு நல்ல மனம் என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். நான் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போனேன்.

அவள் என்னைப் பேசியிருக்கலாம். என்ரை மனுசனைத் தின்னி என்று தலைமயிரைப் பிடித்திருக்கலாம். நானும் திருப்பிப் பேசியிருப்பேன், இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது முடிந்திருக்கும்.

இதுவரை ஒருவருக்கும் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. அன்று காலை நான் மதுவை அதட்டியபோது கீழ்ப் படுக்கையில் தேவகி விழித்திருந்தாள். எல்லோரும் அவள் நித்திரை என்கிறார்கள், அவளும் அப்படித்தான் சொல்கிறாள். நான் பார்த்தேன். போர்வை மூக்கு வரைக்கும், இரண்டு கண்ணும் திறந்து. நீ பேனையை மூடினதை அவள் பார்த்தாள். நீ தண்ணீர் குடித்ததைப் பார்த்தாள். நீ குனிந்து அவள் கால்பக்கம் போர்வையை இழுத்து விட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள். உன் மனுசி அவள். எங்கையப்பா என்று அவளும் கேட்கவில்லை. அவளுக்கும் அதே பழக்கம்தான், அவளுடைய அம்மாவும் அதைத்தான் சொல்லி வளர்த்திருப்பாள். நான் அதைக் குற்றம் சொல்லவில்லை. அதை என் தலையில் மொத்தமாக ஏற்றிவைத்துவிட்டு, மேலே நின்று மன்னித்தாளே, அதைத்தான் சொல்கிறேன்.

மது வெளிக்கிடும்போது சொன்னாள், "தேவகிப் பாட்டி கோல் பண்ணினவ. அடுத்த கிழமை ஞாயிறு தாத்தாவின்ர திவசம். நீங்கள் வரோணுமாம். அவவுக்கு உங்களோட ஒரு கோபமும் இல்லையாம்."

"அவவுக்கு இல்லை," என்றேன்.

"ப்ளீஸ் அம்மம்மா. எய்ட் இயர்ஸ்."

"முதல் நீ சப்பாத்தைப் போடு."

வாசலில் இருந்து சப்பாத்துக் கட்டினாள். பையில் முள்ளுச் சங்கிலி தொங்கியது. அவளுக்கென்று ஒரு சோடி, அவளே வாங்கியது. எழும்பிக் கதவில் கை வைத்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும், இந்த எட்டு வருடமாக என் வீட்டு வாசலைத் தாண்டுகிற தபால்காரனைக் கூட விடுவதில்லை.

"எங்கை போறாய்?"

சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். பிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிற கடதாசியில் எழுதினாள். எந்த ஹட், எந்தப் பாதை, எத்தனை பேர், திங்கள் எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும். தமிழில் எழுது என்றேன். கோணல்மாணலாக எழுதினாள். பிறகு ஒரு கோப்பை தண்ணீர் குடித்தாள். அதை நான் சொல்லவில்லை, அவளாகக் குடித்தாள். மது படிக்கட்டில் இறங்கித் தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை உனக்குப் படைக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன். இங்கே அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, அதில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் புட்டு வைப்பேன். நீ இங்கே வா. நீ கொப்பியை மூடினதற்கு உன்னை மன்னித்துவிட்டேன், அது எனக்காக மூடியது. கை காட்டியவனை மன்னித்தேன். அந்த மலையைக் கூட விட்டுவிட்டேன், அதற்கு என்ன தெரியும். நானும் முழிப்புத்தான் மச்சாள், நானும் கேக்கேல்லை என்று ஒரு வார்த்தை, பந்தி நடுவில் வேண்டாம், போனில் சொன்னால் போதும், நான் பஸ் பிடித்தாவது போவேன். எட்டு வருடமாகப் போன் அடிக்கிறது, அந்த வார்த்தை வரவில்லை. ஆறு பேரில் நான் மன்னிக்காதவள் ஒருத்திதான். தேவகி.